ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டில் நம்மை ஏன் இப்படி நடத்துகிறார்கள்?

மதுரையிலிருந்து முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனி வந்து சில மாதங்களே ஆன ஒரு மாணவியின் கேள்வி இது. கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவர் பொருள்களைத் தள்ளிவிடுகிறார், பையில் போட்டுத் தருவதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள். கெட்டுப்போனதைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ரசீது எங்கே என்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு வரிசையில் எல்லோர் முன்னாலும் அவருடைய முதுகுப் பையைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். "நம்ம நிறத்தைப் பார்த்துத்தான் இப்படியா, இல்லை இங்கே எல்லோருக்கும் இதுதானா?" என்று கேட்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி இங்கே எல்லோருக்கும் நடப்பது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாட்டிக்கும் அதே வேகம், அதே முகம்தான். பை விஷயம் மட்டும் வேறு. அதற்குச் சட்டம் இருக்கிறது, காலக்கெடுவும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கடைக்குப் போகும்போதெல்லாம் மனசு நோகும். உண்மையிலேயே அவமானப்படுத்தப்பட்ட இடத்திலோ, "இங்கே எல்லாமே இப்படித்தான்" என்று விட்டுவிடத் தோன்றும். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் அதிகம். அவர்களில் நான் பேசிப் பார்த்த பலர் ஒன்று எல்லாவற்றுக்கும் நொந்துபோகிறார்கள், அல்லது எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

முதலில் கல்லா. படிக்கும் காலத்தில் இங்கே ஒரு மலிவு விலைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து நான் வேலை பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஆல்டி, லிடில், பென்னி, நெட்டோ போன்ற கடைகளின் விலை குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் ஆள் குறைவு. கல்லாவில் இருப்பவரேதான் ரொட்டியை அடுப்பில் வைக்க வேண்டும், பால் அட்டைகளை அடுக்க வேண்டும், கொட்டிய தயிரைத் துடைக்க வேண்டும். வரிசை நீண்டால் மணி அடிக்கும், அலமாரிப் பக்கம் இருப்பவர் ஓடிவந்து இரண்டாவது கல்லாவைத் திறப்பார். வரிசை கரைந்ததும் அதை மூடிவிட்டு மறுபடி அடுக்கப் போய்விடுவார். ஆல்டியின் சொந்தத் தயாரிப்புகளைத் திருப்பிப் பாருங்கள். பார்கோடு நீளமாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களிலும் அச்சாகியிருக்கும். பொருளை எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் விலை விழ வேண்டும் என்பதற்காகவே அப்படி. ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை பொருள் அடிக்கிறார் என்பது நான் வேலை பார்த்த கடையில் பதிவாகும். மாதக் கடைசியில் மேலாளர் அதைப் பார்ப்பார். அந்த நெருக்கடியில் இருப்பவருக்கு உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது, கோபப்பட எங்கே நேரம்?

பையில் போட்டுத் தராததற்குப் பின்னால் ஒரு வரலாறே உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் 1997-இல் வெர்ட்காவ்ஃப் என்ற கடைத்தொடரை வாங்கி ஜெர்மனிக்குள் வந்தது. மறு வருடம் இன்டர்ஸ்பார் கடைகளையும் வாங்கியது. வாசலில் ஒருவர் நின்று வரவேற்பது, கல்லாவில் சிரித்துப் பேசுவது, பொருளைப் பையில் போட்டுத் தருவது என்று அமெரிக்க வழக்கம் எல்லாவற்றையும் இங்கே இறக்கியது. 2006-இல் கையில் இருந்த 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. தோல்விக்குக் காரணம் பல. மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன, தொழிற்சங்கத்துடன் மோதல் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாதவர் சிரிப்பதும், தங்கள் சாப்பாட்டுப் பொருளை இன்னொருவர் கை தொட்டு அடுக்குவதும் ஜெர்மானியர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை என்பது அப்போது பரவலாக எழுதப்பட்ட விஷயம். நமக்கு மரியாதைக் குறைவாகப் படுவது இவர்களுக்குத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. அண்ணாச்சி கடையில் "வாங்கம்மா, அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது வறட்சியாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்த வறட்சி நம்மை வெறுப்பதால் வருவதில்லை.

இதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு, அது பழகிவிட்டால் பாதி எரிச்சல் போய்விடும். பெல்ட்டில் கனமானதை முதலில் வையுங்கள்: அரிசி, எண்ணெய், பால். தக்காளியும் ரொட்டியும் கடைசியில். உங்கள் பொருள் முடியும் இடத்தில் தடுப்புக் கட்டையை வையுங்கள். அதை வைக்காமல் விட்டால்தான் பின்னால் நிற்பவர் உண்மையிலேயே முறைப்பார். கல்லாவைத் தாண்டியதும் அங்கேயே பைக்குள் அடுக்கத் தொடங்காதீர்கள். எல்லாவற்றையும் அப்படியே வண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஓரமாக இருக்கும் நீளமான பலகைக்குப் போய் நிதானமாக அடுக்கலாம். அந்தப் பலகையைப் போட்டிருப்பதே அதற்காகத்தான். கையில் கூடை மட்டும் எடுத்துக்கொண்டு வாரச் சாமான் வாங்கப் போகாதீர்கள். வண்டிக்கு ஒரு யூரோ நாணயம் செருக வேண்டும், திருப்பி நிறுத்தும்போது நாணயம் திரும்ப வந்துவிடும். காய்கறியை எங்கே எடை போடுவது என்பது கடைக்குக் கடை மாறும். ஆல்டி, லிடிலில் கல்லாவில் அவர்களே போடுவார்கள். சில பெரிய கடைகளில் நீங்களே தராசில் வைத்து, எண்ணை அழுத்தி, ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். காய்கறிப் பக்கம் தராசு நின்றால், அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

கல்லாவில் அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்வி: கடையின் புள்ளி அட்டை இருக்கிறதா, ரசீது வேண்டுமா, கார்டா காசா. இது தெரிந்தால் பதற்றம் இல்லை. இன்னொன்று, நீங்கள் முதலில் "ஹலோ" சொல்லுங்கள், போகும்போது "ஷோனன் டாக்" (நல்ல நாளாகட்டும்) சொல்லுங்கள். கல்லாவில் இருந்தபோது நான் கவனித்தது: ஜெர்மானிய வாடிக்கையாளர்கள் பெரும்பாலோர் வணக்கம் சொல்லாமல் போவதில்லை. நம்மவர்கள் கூச்சத்தால் பேசாமல் நிற்பதை அவர்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தவறாகப் புரிந்துகொள்வது இரண்டு பக்கமும் நடக்கிறது.

பணம் பற்றிக் கொஞ்சம். சின்ன பேக்கரிகள் சிலவற்றில் இன்னும் காசுதான், அல்லது கீரோகார்ட் என்ற உள்ளூர் வங்கி டெபிட் கார்டு. இந்திய வங்கியின் விசா கார்டை நீட்டினால் "நைன்" என்பார்கள். முன்கூட்டி எழுதி ஒட்டியிருந்தால் எந்த வகையில் பணம் வாங்குவது என்பது கடைக்காரர் விருப்பம். இருபது யூரோ நோட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பு பற்றிப் பலர் புலம்புவார்கள். ஞாயிறு ஓய்வு இந்த நாட்டு அரசியலமைப்பிலேயே இருப்பது. அது மாறப்போவதில்லை. அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகள் உண்டு. பவாரியாவில் இருந்தால் வார நாளிலும் இரவு எட்டு மணிக்கே கதவு சாத்திவிடுவார்கள்.

அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் வேறு விலை வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சட்டப்படி விற்பனை முடிவாவது கல்லாவில்தான். அலமாரி விலைக்கே கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பொருள் வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடலாம், எந்தச் சங்கடமும் இல்லை. வெளியே போவதற்கு முன் ரசீதைப் பார்த்துவிட்டு உடனே கேட்டால் பெரும்பாலான கடைகளில் வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறார்கள். நாளைக்குப் போய்க் கேட்டால் கஷ்டம்.

திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மோதிக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள பொருளை "பிடிக்கவில்லை, மாற்றித் தாருங்கள்" என்று கேட்க இங்கே சட்ட உரிமை கிடையாது. மாற்றித் தந்தால் அது கடையின் பெருந்தன்மை. கெட்டுப்போனதை விற்றிருந்தால் கதை வேறு. அப்போது மாற்றுப் பொருள் கேட்பது உங்கள் உரிமை, அது கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ரசீதுதான் வேண்டும் என்பதும் இல்லை, அங்கே வாங்கினீர்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் போதும். வாங்கிய அன்றே திறந்த தயிர் டப்பாவில் ஒருமுறை எனக்குப் பச்சைப் பூஞ்சை இருந்தது. மூடியைத் திறந்தால் ஓரத்தில் ஒரு காசு அகலத்துக்குப் பூத்திருந்தது. டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்தவர் ரசீது இல்லாமல் முடியாது என்று கையை விரித்துவிட்டார். அவரோடு வாதாடவில்லை, கடை மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். கைபேசியில் அன்றைய கார்டு கணக்கைக் காட்டினேன். மேலாளர் டப்பாவைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார், பணத்தைக் கொடுத்தார். மன்னிப்பு கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கேட்டது கிடைத்தது. இங்கே புகார் என்பது அப்படித்தான் வேலை செய்யும்: குரலை உயர்த்தாமல், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம். ஒரே கடையில் திரும்பத் திரும்பக் கெட்ட பொருள் கிடைத்தால் நகராட்சியின் உணவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

கடையில் காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்கும் இயந்திரம் உங்கள் பாட்டிலைத் துப்பிவிட்டால் அதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் வைப்புத் தொகை கட்டியிருக்கிறீர்கள். அதே வகைப் பாட்டில், அதாவது பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக், விற்கும் கடை எதுவானாலும் அதைத் திரும்ப வாங்கியாக வேண்டும். அங்கே வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 200 சதுர மீட்டருக்குக் குறைவான சின்னக் கடைகள் மட்டும் தாங்கள் விற்கும் பிராண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நசுங்கியிருந்தாலும் லேபிளில் வைப்புத் தொகைக் குறி படிக்கும்படி இருந்தால் கல்லாவில் கையில் கொடுத்துக் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் "தெரியாது" என்ற பதில் வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. எனக்கு இந்த இடத்தில்தான் உண்மையான கோபம் வரும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, எள், கடுகு உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பாக்கெட்டில் எடுப்பாகத் தெரியும்படி அச்சிட வேண்டும். பாக்கெட் இல்லாமல் விற்கும் பேக்கரி ரொட்டிக்கும் அந்தத் தகவல் கடையில் இருக்க வேண்டும். வாயால் சொல்லலாம், ஆனால் எழுத்தில் ஒரு பதிவு கைவசம் இருந்தாக வேண்டும். "தெரியாது" என்று சொன்னால், "அலர்கீன்" பட்டியலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கோப்பு வெளியே வரும். சைவத்துக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு இல்லை, அதனால் நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும். ஜெலட்டின் மிட்டாயில் மட்டுமல்ல, சில தயிர் இனிப்புகளிலும் இருக்கும். ப்ரெட்ஸெல் என்ற முடிச்சு ரொட்டி சிலவற்றில் பன்றிக் கொழுப்பு உண்டு. சீஸ்தான் பெரிய பொறி. கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைப் போட்டுச் செய்த சீஸாக இருந்தாலும், அதைப் பட்டியலில் எழுதச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. பார்மேசான் எப்போதும் அந்த உறைபொருளில்தான் செய்யப்படுகிறது. மஞ்சள் நிற வி-லேபிள் என்ற சைவ முத்திரை இருக்கும் சீஸை எடுத்துக்கொண்டால் கவலை இல்லை. கடை ஊழியரிடம் இதைக் கேட்டு மன்றாடுவதில் பயன் இல்லை, அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

கறிவேப்பிலை, புளி, உளுந்து என்று வந்தால் நம் கடைகளுக்குத்தான் போக வேண்டும். ஹாம் நகரத்தின் காமாட்சி அம்பாள் கோயிலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கோயிலைக் கட்டியெழுப்பிய ஈழத் தமிழர்கள்தான் இந்த நாட்டின் பல நகரங்களில் மளிகைக் கடையும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் கடையில் கிடைக்காத வரவேற்பு அங்கே கிடைக்கும். "தங்கச்சி, வியாழக்கிழமைதான் மரக்கறி வரும், அண்டைக்கு வாங்கோ, உங்களுக்கு எடுத்து வைக்கிறன்" என்று ஒரு அக்கா சொல்லும்போது ஊருக்கே போய்வந்த மாதிரி இருக்கும். கறிவேப்பிலை சில வாரம் கிடைக்காமல் போவதும், வந்தால் விலை கன்னாபின்னா என்று இருப்பதும் அவர்கள் குற்றமில்லை. இந்தியாவிலிருந்து வரும் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதா என்று ஐரோப்பிய எல்லையில் கூடுதல் சோதனை உண்டு. அதில் சரக்கு தங்கிவிடும், சில நேரம் திரும்பியும் போகும்.

பாசம் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. நம் கடைகள் சிலவற்றில் பழைய தேதிப் பொடிகள் அலமாரியில் கிடக்கின்றன, விலையும் ஒட்டியிருப்பதில்லை. "இந்தத் தேதிக்குள் சாப்பிட்டால் நல்லது" என்ற தேதி தாண்டிய பொருளை விற்பது இங்கே குற்றமில்லை, நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது கடைக்காரர் பொறுப்பு. அரைத்த இறைச்சி போன்றவற்றில் இருக்கும் கடைசிப் பயன்பாட்டுத் தேதி தாண்டினால் விற்கவே கூடாது. எலக்ட்ரானிக் கல்லா வைத்திருக்கும் எந்தக் கடையும் 2020 முதல் ரசீது தந்தாக வேண்டும். "அண்ணா, பில் ஒண்ணு குடுங்க" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இனி உங்கள் பை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கடை ஊழியருக்கு உங்கள் பையைச் சோதிக்கும் உரிமை கிடையாது. அவர் கேட்கலாம், நீங்கள் மறுக்கலாம். வாசலில் "பைகளைச் சோதிப்போம்" என்று அறிவிப்பு ஒட்டியிருந்தாலும் அதனால் அந்த உரிமை வந்துவிடாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. திருடும்போது கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொன்னால் போலீஸ் வரும் வரை உங்களை நிறுத்திவைக்கலாம். பையைத் திறப்பது அப்போதும் போலீஸின் வேலை. "போலீஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் திறக்கிறேன்" என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சில கடைகளில் வண்டிக்குள் கிடக்கும் துணிப்பையைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள், அடியில் ஏதும் மறந்து கிடக்கிறதா என்று பார்க்க. அது எல்லோரிடமும் கேட்பது. உங்களுக்கு முன்னால் நின்ற இருவரிடம் கேட்டார்களா, அவர்களிடமும் முதுகுப் பை இருந்ததா என்பதுதான் கேள்வி. அவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 2006-இல் வந்த பொதுச் சமநடத்தைச் சட்டம் இதற்குப் பொருந்தும். இனத்தையோ பூர்வீகத்தையோ காரணமாக வைத்துக் கடையில் ஒருவரைத் தாழ்வாக நடத்துவதை அது தடைசெய்கிறது. பாகுபாடு நடந்திருக்கக்கூடும் என்பதற்கான அடையாளங்களை நீங்கள் நிறுவினால், அப்படி நடக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை கடையின் தலையில் விழும். இழப்பீடு கேட்க இரண்டு மாதம்தான் கெடு. மூன்று வாரம் போய்விட்டது.

அதனால் இந்த வாரமே உட்காருங்கள். ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள், அதில் தேதியும் நேரமும் இருக்கும், பெரும்பாலும் கல்லா எண்ணும் இருக்கும். ஊழியர் சொன்ன வார்த்தைகளை நினைவில் இருக்கும்படியே எழுதுங்கள், முன்னால் நின்றவர்களிடம் கேட்காததையும் எழுதுங்கள். உடன் வந்த தோழி இருந்தால் அவர் பார்த்ததைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை இப்படி நடந்தால் ரகசியமாக ஒலிப்பதிவு மட்டும் செய்துவிடாதீர்கள், ஒருவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது இங்கே தண்டனைக்குரிய குற்றம், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் திரும்பும். எழுதியதைக் கடையின் தலைமையகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், கிளையோடு பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மத்திய அரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது, உங்கள் ஊரிலேயே இதற்கென்று ஆலோசனை மையம் இருந்தால் அதையும் அவர்களே சொல்வார்கள். ஜெர்மனில் கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் பல்கலைக்கழக மாணவர் அமைப்பான ஆஸ்டாவில் கேளுங்கள், பல ஊர்களில் அவர்கள் இலவசச் சட்ட ஆலோசனை நேரம் வைத்திருக்கிறார்கள். இழப்பீடு கேட்கும் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும், அது அவர்கள் கைக்கு இரண்டு மாதம் முடிவதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.